‘அங்கிள் பென்’ முதலிடம் ஏறியது எப்படி? ரிக்கி ஸ்காக்ஸ்: ஒரு நிகழ்வு ஆய்வு

1984 அக்டோபரில் அமெரிக்க இசைப் பத்திரிகை ‘பில்போர்டு’ வெளியிடும் கண்ட்ரி (அமெரிக்கக் கிராமிய மரபில் வளர்ந்த வெகுஜன இசை) பட்டியலின் உச்சியில் இருந்த பாட்டு ‘அங்கிள் பென்’. கென்டக்கி மாநிலத்தின் ரோசைன் என்ற சிற்றூரில் தன்னை ஆதரித்த தாய்மாமன், ஃபிடில் (வயலின்) வாசிப்பாளர் பெண்டில்டன் வாண்டிவர் மீது பில் மன்ரோ எழுதி 1950-ல் பதிவுசெய்த ப்ளூகிராஸ் (மன்ரோவே வகுத்த, டிரம்ஸ் இல்லாத தந்தி வாத்திய இசை) பாட்டு அது. 34 ஆண்டுகள் கழித்து அதை மேலே கொண்டுவந்தவர் பாடகரும் மாண்டலின் வாசிப்பவருமான ரிக்கி ஸ்காக்ஸ். அதற்கு முன் ஒரு பாட்டு ப்ளூகிராஸ் வடிவிலேயே அந்த இடத்தைத் தொட்டது 1963-ல், ஃபிளாட் - ஸ்க்ரக்ஸ் இணையர் ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு வாசித்த முகப்புப் பாட்டின் மூலம். தனிப் பாடகர் ஒருவர் ப்ளூகிராஸ் வடிவப் பாட்டோடு அங்கே ஏறியது ஸ்காக்ஸ்தான் முதல்.

பழசின் மீது மக்களுக்கு வந்த ஆசை என்று இதை விளக்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அந்த விளக்கம் போதாது. அதே ஆண்டுகளில் பழைய பாட்டுகளைத் தூசி தட்டியவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோர் பட்டியலின் நடுப்பகுதியைக்கூட எட்டவில்லை. ஸ்காக்ஸ் இரண்டு இசைகளையும் சம பங்கு கலக்கவில்லை. எலும்பு ப்ளூகிராஸாக இருந்தது, சதை கண்ட்ரியாக இருந்தது. எந்தப் பாட்டு, எந்த வாத்தியத்துக்கு எந்த இடம், எது முன்னால் வெளியே போக வேண்டும் என்ற மூன்று முடிவுகளிலும் அந்தக் கொள்கையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

இரண்டும் முட்டிக்கொள்ளும் இடங்கள்

மன்ரோ வகுத்த ப்ளூகிராஸ் குழுவில் மாண்டலின், ஐந்து தந்தி பாஞ்சோ, ஃபிடில், கிட்டார், நின்று வாசிக்கும் பேஸ் என ஐந்து வாத்தியங்கள். டிரம்ஸ் கிடையாது. தாளத்தை வாத்தியங்களே பங்கிட்டுக்கொள்கின்றன. நான்கு எண்ணும் தாளச்சுற்றில் 1, 3 ஆகிய தட்டுகளில் பேஸ் விழும். 2, 4-ல் மாண்டலின் ‘சாப்’ வெட்டும். இந்த வெட்டு எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் புரியும். மாண்டலினில் எட்டுத் தந்திகள், இரண்டிரண்டாக நான்கு ஜோடி. தாழ்ந்த சுருதியிலிருந்து ஜி, டி, ஏ, இ. ஜி மேஜர் சாப் என்றால் இடது கை 7, 5, 2, 3 என்ற ஃப்ரெட்களில் (வாத்தியக் கழுத்தின் உலோகக் கோடுகளால் பிரித்த இடங்கள்) நான்கு ஜோடிகளையும் அழுத்தும். திறந்த (விரல் அழுத்தாத) தந்தி ஒன்றுகூட இருக்கக் கூடாது. வலது கை அடித்த மறுகணம் இடது விரல்கள் அழுத்தத்தைத் தளர்த்தும். விரல் தந்தியை விட்டு எடுபடாது. ஒலி அங்கேயே அறுந்து, சுருதியும் அடியும் சேர்ந்த ஒரு ‘டக்’ மட்டும் மிஞ்சும்.

கண்ட்ரி குழுவில் இந்த வேலையை ஸ்னேர் டிரம் செய்கிறது, அதே 2, 4-ல். இரண்டையும் ஒரே மேடையில் வைத்தால் இரண்டும் ஒரே நொடியில், ஏறக்குறைய ஒரே உயர்நடு அதிர்வெண் வட்டாரத்தில் மோதும். ஸ்னேருக்கு ஒலியளவு அதிகம், அதிர்வு நீளம். மாண்டலின் மறைந்துபோகும், வாசிப்பவர் பலமாக அடிப்பார், சுருதி கெடும். ப்ளூகிராஸையும் டிரம்ஸையும் சேர்க்க முயன்று தோற்ற பல குழுக்கள் தோற்றது இந்த இடத்தில்தான்.

இரண்டாவது மோதல் பாஞ்சோவோடு. வேகமான ப்ளூகிராஸ் பாட்டை நிமிடத்துக்கு 120 அரைக்கால அடிகள் என்று எண்ணினால், மூன்று விரலில் உருளும் பாஞ்சோ நொடிக்கு 8 ஸ்வரம் கொட்டும். டிரம்ஸ்காரர் ஹை-ஹாட்டில் (காலால் மூடித் திறக்கும் ஜோடி உலோகத் தட்டுகள்) அதே பிரிவை வாசித்தால் 8 உலோக ஒலிகள் அந்த 8 ஸ்வரங்கள் மேலேயே விழும். கேட்பவருக்கு வேகம் தெரியாது, இரைச்சல்தான் தெரியும்.

மூன்றாவது, பாட்டின் அடிச்சுருதி (‘கீ’). மன்ரோவின் வழிவந்தவர்கள் குரலை உச்சத்துக்குத் தள்ளுவார்கள். பி, பி ஃபிளாட் அவர்களுக்கு அன்றாடம். பாஞ்சோவுக்குச் சிக்கலில்லை: நான்காம் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி), ஐந்தாம் தந்தியை ஒன்பதாம் ஃப்ரெட்டில் அடித்திருக்கும் குட்டி ஆணியில் மாட்டினால் பி தயார். டெலிகாஸ்டர் மின் கிட்டார்காரருக்கு அப்படியில்லை. அவருடைய பாதிச் சரக்கு திறந்த தந்திகளில் இருக்கிறது. இ, ஏ, டி, ஜி-யில் பறப்பவர் பி-யில் தடுமாறுவார். ஆகவே அடிச்சுருதியைப் பாடகரின் தொண்டையை மட்டும் பார்த்து முடிவுசெய்ய முடியாது.

கடைசியாக, மிதக்கும் ஒலிகள். பெடல் ஸ்டீல் (உலோகத் துண்டைத் தந்தி மேல் சறுக்கி வாசிக்கும் மின் கிட்டார்), டோப்ரோ (அதே முறையில் வாசிக்கும் மின்சாரமில்லாத கிட்டார்), ஃபிடில் மூன்றும் ஸ்வரத்தை இழுக்கும், சறுக்கும், பாடகர் மூச்சு விடும் இடைவெளியில் நுழையும். மூன்றும் ஒரே இடைவெளியில் நுழைந்தால் யாரையும் கேட்க முடியாது.

ஸ்காக்ஸ் எங்கிருந்து வந்தார்

1954 ஜூலை 18, கென்டக்கியின் கோர்டெல். ஐந்து வயதில் அப்பா மாண்டலின் வாங்கித் தந்தார். ஆறு வயதில், ஊருக்கு வந்த பில் மன்ரோ மேடைக்கு அழைத்து, தன் மாண்டலினையே பையனின் தோளில் மாட்டி, வாரைச் சுருக்கிவிட்டு வாசிக்க வைத்தார். பதின்பருவத்தில் நண்பன் கீத் விட்லியோடு ஸ்டான்லி சகோதரர்கள் என்ற ப்ளூகிராஸ் இணையில் ஒருவரான ரால்ஃப் ஸ்டான்லியின் குழுவில் சேர்ந்தார். ஸ்டான்லி சகோதரர்களின் பாட்டுகளை அச்சு அசலாகப் பாடக்கூடிய இரண்டு பையன்கள் என்பதே அவர்களுக்கு அங்கே இடம் வாங்கித் தந்தது.

அடுத்து வந்தவை வேறு வகைப் பயிற்சி. 1975-ல் ஜே. டி. குரோ அண்ட் த நியூ சவுத் என்ற ப்ளூகிராஸ் குழு. டோனி ரைஸ், ஜெர்ரி டக்ளஸ் உடனிருந்த அந்தக் குழுவின் அந்த ஆண்டு இசைத்தட்டை இன்றும் ப்ளூகிராஸ்காரர்கள் அதன் பட்டியல் எண்ணான ‘0044’ என்றே குறிப்பிடுகிறார்கள். அதில் தாளம் கத்தி போலிருக்கும். ஒருவர் மேல் ஒருவர் ஏறமாட்டார்கள். பிறகு பூன் கிரீக். பிறகு கண்ட்ரி பாடகி எமிலூ ஹாரிஸின் ஹாட் பேண்ட் குழு. 1980-ல் ஹாரிஸ் வெளியிட்ட ‘ரோசஸ் இன் த ஸ்னோ’ முழுக்க ப்ளூகிராஸ் சாய்வுள்ளது. அதன் ஏற்பாடுகளில் ஸ்காக்ஸின் கை பெரியது. இத்தகைய இசைத்தட்டு விற்குமா என்று தயங்கிய காலத்தில் அது தங்கத்தட்டு ஆனது. டிரம்ஸும் மின் வாத்தியங்களும் உள்ள பெரிய குழுவுக்குள் ஒரு மாண்டலின்காரர் எங்கே நிற்க வேண்டும் என்பதை அவர் படித்த பள்ளிக்கூடம் ஹாட் பேண்ட்தான்.

1981-ல் எபிக் நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. எபிக்கின் தாய்நிறுவனமான சிபிஎஸ்-ஸுக்கு, கண்ட்ரி இசைத்தொழிலின் மையமான நாஷ்வில் நகரில் இருந்த கிளையின் தலைவர் ரிக் பிளாக்பர்ன், தயாரிப்புப் பொறுப்பையும் ஸ்காக்ஸிடமே விட்டார். இது சின்ன விஷயமில்லை. நாஷ்வில்லில் அப்போது ஒரு புதுப் பாடகருக்குத் தயாரிப்பாளரை நிறுவனம் கொடுக்கும், அவர் தனக்குப் பழகிய ஸ்டூடியோ வாத்தியக்காரர்களைக் கூப்பிடுவார், பின்னணியில் வயலின் கூட்டம் சேரும். அந்தப் பாதையில் ஸ்காக்ஸ் போயிருந்தால் நல்ல குரலுள்ள இன்னொரு பாடகராக முடிந்திருப்பார்.

பாட்டுத் தேர்வு

அவருடைய முதலிடப் பாட்டுகள் 11. அவற்றை வரும் வழி பார்த்துப் பிரித்தால் அவருடைய சூத்திரம் வெளியே வந்துவிடும்.

ப்ளூகிராஸ் வீட்டிலிருந்து வந்தவை நான்கு: ஃபிளாட் - ஸ்க்ரக்ஸின் ‘கிரையிங் மை ஹார்ட் அவுட் ஓவர் யூ’, ஜிம் ஈன்ஸ் வழிவந்த ‘ஐ வுடன்ட் சேஞ்ச் யூ இஃப் ஐ குட்’, ஸ்டான்லி சகோதரர்கள் பாடிய ‘டோன்ட் சீட் இன் அவர் ஹோம்டவுன்’, பிறகு ‘அங்கிள் பென்’. வெப் பியர்ஸின் பழைய கண்ட்ரிக் களஞ்சியத்திலிருந்து இரண்டு. மீதி ஐந்து சமகாலப் பாடலாசிரியர்களின் பாட்டுகள்; பாடலாசிரியர் கை கிளார்க் எழுதிய ‘ஹார்ட்புரோக்’ உட்பட. அதில் ஒரு கரடுமுரடான சொல்லை மாற்றிப் பாடினார், மெட்டைத் தொடவில்லை.

ப்ளூகிராஸ் பாட்டுகள் என்று எடுத்தவை எப்படிப்பட்டவை என்று பார்க்க வேண்டும். மலைப்பகுதிக் கொலைக்கதைகள் இல்லை, வாத்திய வித்தை காட்டும் துண்டுகள் இல்லை. முதல் மூன்றும் காதல், பிரிவு, துரோகம். சொற்களை மட்டும் படித்தால் எந்தக் கண்ட்ரி பாடகரும் பாடியிருக்கக்கூடியவை. ‘அங்கிள் பென்’னும் ஏற்கெனவே ஒரு முறை எல்லை தாண்டிய பாட்டுதான்: 1956-ல் போர்ட்டர் வேகனர் அதைக் கண்ட்ரி பட்டியலில் ஏற்றியிருந்தார். இரண்டு ஊருக்கும் பொதுவான நிலத்தில் நிற்கும் பாட்டுகளாகப் பொறுக்கினார். இன்று ஏதோ ஒரு பாப் மெட்டின் மேல் பாஞ்சோவை ஒட்டிவைத்து ‘ப்ளூகிராஸ் கலவை’ என்று விற்கும்போது நடப்பது இதற்கு நேர் எதிர். அங்கே பாஞ்சோவை எடுத்துவிட்டாலும் பாட்டு அப்படியே இருக்கும். ‘டோன்ட் சீட் இன் அவர் ஹோம்டவுன்’னில் ஸ்டீலை எடுத்துவிட்டாலும் பாட்டு அப்படியே இருக்கும், எஞ்சுவது ஸ்டான்லி சகோதரர்கள்.

சமகாலப் பாட்டுகளிலும் கண் அதே இடத்தில்தான். ‘ஹைவே 40 புளூஸ்’ எழுதியவர் லாரி கார்டில். ஸ்காக்ஸோடு சின்ன வயதிலிருந்தே பழகிய, அதே கென்டக்கிப் பகுதிக்காரர். பாட்டில் வரும் நெடுஞ்சாலை, நாஷ்வில் வழியாக ஓடும் இன்டர்ஸ்டேட் 40 என்று பலர் நினைக்கிறார்கள். அது கிழக்குக் கென்டக்கியின் உள்ளூர்ச் சாலையான கென்டக்கி 40. 1983-ல் முதலிடம் வந்தது. மாண்டலின், பாஞ்சோ, ஸ்டீல், டெலிகாஸ்டர் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக முன்வந்து வாசிக்கும் அந்தப் பதிவு, இந்தக் கலவை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நல்ல வரைபடம்.

வாத்தியங்களுக்கு இடம்

அவருடைய குழுவிலேயே இரண்டு தரப்பும் இருந்தன. ஃபிடிலில் 1950-களில் மன்ரோவோடு வாசித்த பாபி ஹிக்ஸ். டெலிகாஸ்டரில் இங்கிலாந்துக்காரரான ரே ஃபிளாக். ஸ்டீலில் புரூஸ் பௌட்டன். டிரம்ஸில், போகோ என்ற கண்ட்ரி-ராக் குழுவிலிருந்து வந்த ஜார்ஜ் கிராந்தம். ப்ளூகிராஸ் மட்டும் தெரிந்தவர்களையோ கண்ட்ரி மட்டும் தெரிந்தவர்களையோ வைத்து இதைச் செய்திருக்க முடியாது.

டிரம்ஸ் சிக்கலுக்குத் தீர்வு ஸ்னேரின் ஒலியைக் குறைப்பதோடு முடிவதில்லை. இந்த வகை ஏற்பாட்டில் வேலை செய்வது மூன்று: ஸ்னேர் ஒலி குட்டையாக இருக்க வேண்டும் (பிரஷ், அல்லது குச்சியை விளிம்பில் வைத்து அடிக்கும் அடி, அல்லது தோலின் மேல் துணி), ஹை-ஹாட் எட்டுப் பிரிவை விட்டுக் கால் பிரிவில் நிற்க வேண்டும், உருட்டல்களைப் பல்லவி தொடங்கும் இடம் தவிர வேறெங்கும் வாசிக்கக் கூடாது. பாஞ்சோ உருளும் இடத்தில் டிரம்ஸ் சும்மா இருப்பதுதான் திறமை. சாப்பும் ஸ்னேரும் ஒரே அடியில் விழுவதைத் தவிர்க்க முடியாது. ஆனால் ஸ்னேர் குட்டையானால் இரண்டும் ஒட்டி ஒரே அடியாகக் கேட்கும், மாண்டலினின் சுருதி அதன் மேல் மிதக்கும். ஒலியளவைக் குறைத்து ஸ்னேரின் நீளத்தை அப்படியே விட்டால் ஒன்றும் சரியாகாது. பல ஒலிப்பதிவுகளில் இந்தத் தவறைக் கேட்கலாம்.

இழுக்கும் வாத்தியங்களுக்கு வரியைப் பங்கிட வேண்டும். முதல் சரணத்தின் இடைவெளிகள் ஸ்டீலுக்கு என்றால் இரண்டாவது ஃபிடிலுக்கு. பல்லவியில் மூன்று குரல்கள் சேரும்போது யாருக்கும் இல்லை. பாடகரின் சொல் முடியும்முன் நுழைபவரை ஒத்திகையிலேயே நிறுத்திவிட வேண்டும்.

குரல்களில் ஸ்காக்ஸ் சமரசமே செய்யவில்லை. ப்ளூகிராஸ் மூவர் பாட்டில் மெட்டு நடுவில், டெனர் அதற்கு மேல், பாரிடோன் அதற்குக் கீழ். டெனர்தான் காதைக் குத்தும் விளிம்பைக் கொடுக்கிறது. அதை மழுக்கி, பின்னணிக் கோஷ்டியாகத் தூர வைப்பது அன்றைய நாஷ்வில் வழக்கம். ஸ்காக்ஸின் பதிவுகளில் துணைக்குரல்கள் தலைமைக் குரலுக்குப் பக்கத்திலேயே, அதிர்வு நடுக்கமில்லாமல், சொல்லின் கடைசி மெய்யெழுத்து வரை ஒன்றாக முடியும். ரேடியோவில் இரண்டு நொடி கேட்டாலே இவர்தான் என்று தெரிந்ததற்குக் காரணம் மாண்டலினைவிட இதுதான் என்பது எங்கள் மதிப்பீடு.

வெளியிட்ட வரிசை

இதைப் பலர் கவனிப்பதில்லை. எபிக்கில் முதல் சிங்கிள் (தனியாக வெளியிடும் ஒற்றைப் பாட்டு) 1981-ல் ஃபிளாட் - ஸ்க்ரக்ஸின் ‘டோன்ட் கெட் அபவ் யுவர் ரைசிங்’, 16-ஆம் இடம். அடுத்தது 9. மூன்றாவதாக, 1982-ல், ‘கிரையிங் மை ஹார்ட் அவுட்’: முதலிடம். நிதானமான நடை, முன்னால் ஸ்டீல், பின்னால் ஃபிடில். அதே ஆண்டு நாஷ்வில்லின் புகழ்பெற்ற கண்ட்ரி மேடையான கிராண்ட் ஓல் ஓப்ரியின் உறுப்பினர், சிஎம்ஏ-வின் (கண்ட்ரி இசைச் சங்கம்) சிறந்த ஆண் பாடகர். ஏழு முதலிடப் பாட்டுகள் கையில் வந்த பிறகுதான், மூன்றாவது எபிக் இசைத்தட்டிலிருந்து மூன்றாவது சிங்கிளாக, ‘அங்கிள் பென்’னை வெளியே விட்டார். ரேடியோ நிலையங்களுக்கு அதற்குள் அவர் பெயர் உத்தரவாதமாகிவிட்டது. 1981-ல் இதே பதிவு போயிருந்தால் பெரும்பாலான நிலையங்கள் அதை ஒலிபரப்பியிருக்காது என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை.

மறுபக்கம், இசைத்தட்டுக்குள் ப்ளூகிராஸ் என்றுமே இல்லாமல் இருந்ததில்லை. சிங்கிளில் பொறுமை, தட்டுக்குள் தாராளம். பழைய ரசிகர்கள் விலகிப்போகாமல் இருந்ததற்கு இது உதவியது.

1985-ல் ‘கண்ட்ரி பாய்’ முதலிடம். அதன் வீடியோவில் நியூயார்க் நகரில் மன்ரோவே வந்து ஆடுகிறார். அதே ஆண்டு சிஎம்ஏ-வின் ‘என்டர்டெயினர் ஆஃப் த இயர்’. அந்தக் காலத்து மேடைகளில் ஸ்காக்ஸ் டெலிகாஸ்டரும் வாசித்தார். நாஷ்வில் கைவினைஞர் ஜோ கிளேசர் செய்துகொடுத்த, டெலிகாஸ்டர் சாயலுள்ள ஐந்து தந்தி மின் மாண்டலினும் வைத்திருந்தார். இதற்கு வெறும் அலங்காரமல்லாத ஒரு காரணம் உண்டு.

மேடையில் வரும் தொல்லை

மரப்பெட்டி மாண்டலினை டிரம்ஸுக்குப் பக்கத்தில் மைக் வைத்து வாசித்தால், மைக்கில் மாண்டலினைவிட சிம்பல் அதிகம் விழும். ஒலியைக் கூட்டினால் தரையிலிருக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் மரப்பெட்டியை அதிரவைத்து ஊளையிடும். முழு மரப்பலகையில் செய்த மின் மாண்டலினில் அதிரப் பெட்டியே இல்லை. ஊளை பெரும்பாலும் அடங்கும். ஆனால் சாப் போய்விடும். ஜோடித் தந்திகளும் பெட்டியின் காற்றும் இல்லாமல் அந்த ‘டக்’ வராது. ஆகவே மின் மாண்டலின் தனி வாசிப்புக்கு, மர மாண்டலின் தாளத்துக்கு என்று பிரித்துக்கொள்வதே நடைமுறை.

மர வாத்தியங்களை வைத்தே தீர வேண்டும் என்றால் கணக்கு எளிது. மாண்டலினின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் 196 ஹெர்ட்ஸ். அதன் சேனலில் 150-க்குக் கீழே இருப்பது எல்லாம் கிக் டிரம்மும் பேஸும் கசிந்தவை, வெட்டிவிடலாம். பாஞ்சோவுக்கு 147 ஹெர்ட்ஸ். 120-க்குக் கீழ் தேவையில்லை. கிட்டாரின் கீழ் இ 82 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே மட்டும் கவனம்: 100-ல் வெட்டினால் தாளக்கட்டு மெலிந்துபோகும். டிரம்ஸை மாண்டலின் மைக்கின் முதுகுப்பக்கம் வருமாறு உட்காரவைப்பது எந்த ஈக்வலைசரையும்விட அதிகம் உதவும்.

சரிவும் திரும்பலும்

1986-க்குப் பின் அவர் கண்ட முதலிடம் ஒன்றே ஒன்று, 1989-ல். காரணங்களில் முக்கியமானது, அவர் திறந்த கதவு வழியாகவே மற்றவர்கள் வந்தது. 1986-ல் ராண்டி டிராவிஸும் டுவைட் யோக்கமும் முதல் பெரிய இசைத்தட்டுகளோடு வந்தார்கள். பழைய கண்ட்ரியின் ஒலி அதற்குள் ரேடியோவில் எங்கும் கிடைத்தது. 1982-ல் ஸ்டீலும் ஃபிடிலும் முன்னால் ஒலிப்பதே ஸ்காக்ஸின் அடையாளம். 1988-ல் அது எல்லோருடைய ஒலி. அவரிடம் மட்டுமே இருந்தது ப்ளூகிராஸ் எலும்பு; அந்த ஆண்டுகளின் தட்டுகளில் அது ஒலியளவில் குறைந்துகொண்டே போனது. நடுவழியில் நின்றவை அவை. நன்றாகப் பாடப்பட்டவைதான், ஆனால் ‘ஹைவே 40 புளூஸ்’ போல யாருடையது என்று உடனே சொல்ல முடியாதவை.

1996 செப்டம்பரில் பில் மன்ரோ இறந்தார். மறு ஆண்டு ஸ்காக்ஸ் தன் சொந்த நிறுவனமான ஸ்காக்ஸ் ஃபேமிலி ரெக்கார்ட்ஸைத் தொடங்கி ‘ப்ளூகிராஸ் ரூல்ஸ்!’ வெளியிட்டார். டிரம்ஸ் இல்லை, ஸ்டீல் இல்லை. அது கிராமி விருது பெற்றது. ‘கென்டக்கி தண்டர்’ குழுவோடு அவர் வாசிக்கும் வேகம், கண்ட்ரி ஆண்டுகளில் அவர் கையை எவ்வளவு கட்டிவைத்திருந்தார் என்பதைக் காட்டியது. 2018-ல் கண்ட்ரி இசையின் புகழ் மண்டபம், ப்ளூகிராஸ் இசையின் புகழ் மண்டபம் இரண்டுமே அவரைச் சேர்த்துக்கொண்டன.

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் ‘அங்கிள் பென்’னின் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துப் போடலாம். 1950 பதிவில் ஃபிடில் ரெட் டெய்லர், கிட்டார் ஜிம்மி மார்ட்டின். முதல் முறை 2, 4-ல் மன்ரோவின் சாப்பை மட்டும் பின்தொடருங்கள். பிறகு ஸ்காக்ஸின் பதிவில் அதே இடத்தில் காதை வைத்து, மாண்டலின் எங்கே முடிகிறது, ஸ்னேர் எங்கே தொடங்குகிறது என்று தேடுங்கள். இரண்டாவது முறை டிரம்ஸை விட்டுவிட்டு ஃபிடிலை மட்டும் கேளுங்கள்: பாட்டின் கதையே ஒரு ஃபிடில்காரரைப் பற்றியது என்பதால் அதற்கு மட்டும் எங்கேயும் வழி மறிக்கப்படவில்லை. சொந்தக் குழுவுக்கு இதை ஏற்பாடு செய்கிறவர்கள் டிரம்ஸ் இல்லாமலே முழுப் பாட்டையும் வாசித்துப் பழகி, அது தானாக ஓடத் தொடங்கிய பிறகு டிரம்ஸ்காரரைக் கூப்பிடுவது நல்லது. அவரிடம் முதலில் பிரஷ்களை மட்டும் எடுத்துவரச் சொல்லுங்கள்.